நான்கு மொழிகளில் ஒரு பாதுகாப்புக் காணொளி: 8 வாரப் பணி 11 வாரமானது எப்படி?

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் இயங்கும் ஒரு துணைக் குத்தகை நிறுவனம். சாரம் கட்டுவதும் கான்கிரீட் ஊற்ற ஃபார்ம்வொர்க் எனும் அச்சுப் பலகை அடிப்பதும் அதன் தொழில். ஊழியர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள். சீனாவிலிருந்து வந்த சிறு குழுவும் உண்டு. புதிதாகச் சேர்பவருக்குத் தளத்தில் முதல் நாளே போட்டுக்காட்ட, உயரத்தில் வேலை செய்வது பற்றி 6 நிமிடக் காணொளி வேண்டும் என்று ஒரு தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்டது. ஆங்கிலம், தமிழ், வங்காளம், சீனம் என நான்கு மொழிகள். 8 வாரத்தில் முடிய வேண்டிய வேலை, முடிந்தபோது 11 வாரம் ஆகியிருந்தது.

இது ஒரே நிறுவனத்தின் கதையன்று. இந்த வகைப் பணிகளில் திரும்பத் திரும்ப நேர்வதை ஒரே பணியாகத் தொகுத்திருக்கிறோம். காலக்கணக்கும் நிமிடக்கணக்கும் அந்த மாதிரிப் பணிக்கு உரியவை. தாமதமான மூன்று வாரத்துக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருந்தன. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: எந்தக் கட்டத்தில் யார் 'சரி' சொல்ல வேண்டும் என்பது எழுத்தில் இல்லை.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

வாடிக்கையாளர் கையில் இருந்தது ஒரு ஆசைப் பட்டியல்: கம்பீரமான இசை, ட்ரோன் காட்சி, முதலாளியின் உரை. தயாரிப்புத் தரப்பு நான்கு கேள்வி கேட்டது. யார் பார்ப்பார்கள்? எந்த இடத்தில்? எதில்? பார்த்து முடித்தவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்கள் வேலையின் உருவத்தையே மாற்றிவிட்டன. பார்க்கும் இடம் தளத்துக் கண்டெய்னர் அலுவலகம். ஒரு பழைய டிவி, 15 பேர், சுழலும் மின்விசிறி, வெளியே லாரி சத்தம். டிவியில் இணையம் இல்லை. பென்டிரைவில்தான் ஓட்ட வேண்டும். ஆகவே குரல் மட்டும் போதாது, எல்லா மொழிக்கும் பெரிய எழுத்தில் சப்டைட்டில் தேவை. இன்னொன்று: கட்டுமான ஊழியர்கள் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை ஏற்கெனவே முடித்துவிட்டு வருகிறவர்கள். அங்கே சொன்னதையே இங்கும் சொன்னால் இரண்டாம் நிமிடத்தில் கண் செருகும். இந்தத் தளத்தில் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை எங்கே மாட்டுவது, வேலைக்கான அனுமதித் தாள் (பெர்மிட்) எங்கே ஒட்டியிருக்கும், யாரைக் கேட்காமல் ஏறக்கூடாது என்பவைதான் காணொளியின் உள்ளடக்கம்.

ட்ரோனைக் கைவிட்டது நல்ல முடிவு. சிங்கப்பூரில் தொழில் நோக்கில் ட்ரோன் பறக்கவிட, சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் இயக்குபவருக்கான அனுமதியும் பறக்கும் நடவடிக்கைக்கான அனுமதியும் வேண்டும். மேற்கே தெங்கா விமானத் தளம் இருக்கிறது. கேட்ட தேதியில் அனுமதி வரும் என்று நம்பி ஷூட்டிங் நாளைக் குறிக்க முடியாது. பக்கத்து புளோக்கின் மேல்தளத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்த ஒரு காட்சி அந்த இடத்தை நிரப்பியது.

முதலில் தங்களிடமிருந்த கைப்பேசிக் காட்சிகளையும் வாடிக்கையாளர் தந்தார். ஒருவர் தடுமாறிப் பிடித்துக்கொள்ளும் காட்சி ஒன்று அதில் இருந்தது. பயிற்சிக்கு அதைவிட வலுவானது எதுவுமில்லை. ஆனால் கைப்பேசி, நொடிக்கு எத்தனை பிரேம் என்பதை நிலையாக வைத்துக்கொள்ளாமல் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்கிறது. அப்படியே எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போட்டால் சில நிமிடங்களில் ஒலியும் படமும் விலகும். முதல் வேலையாக நிலையான 25 பிரேமுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் இருந்ததும் இல்லாததும்

பணம் மூன்று தவணை: கையெழுத்திடும்போது 50 விழுக்காடு, படப்பிடிப்பு முடிந்ததும் 30, ஒப்படைக்கும்போது 20. விலையில் பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்பதை முதல் தாளிலேயே எழுதியாக வேண்டும். ஆண்டு வருவாய் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்கள் வரிக்குப் பதிந்துகொள்வது கட்டாயம். 2024 முதல் வரி 9 விழுக்காடு. 12,000 வெள்ளி வேலைக்கு 1,080 வெள்ளி கூடுகிறது. கடைசி பில்லில் இந்தத் தொகை திடீரென்று தெரிந்தால், வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உறவு கசக்கும்.

பதிப்புரிமையைப் பலர் கவனிப்பதில்லை. 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தாலும், வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் உரிமை எடுத்தவருக்கே. அதற்கு முன் நிலைமை நேர்மாறு. பழைய வழக்கத்தை நினைத்து, 'பணம் கொடுத்தோம், எல்லாம் நம்முடையது' என்று வாடிக்கையாளர் இருந்துவிடுகிறார். இந்தப் பணியில் முடிந்த காணொளியின் உரிமை வாடிக்கையாளருக்கு, எடிட்டிங் புராஜெக்ட் கோப்பு தயாரிப்பாளரிடம், எடுத்த மூலக் காட்சிகளின் நகல் கேட்டால் ஹார்ட் டிஸ்க் விலைக்குக் கிடைக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடு.

'இரண்டு சுற்றுத் திருத்தம்' என்றும் ஒப்பந்தம் சொன்னது. ஒரு சுற்று என்றால் என்ன என்று சொல்லவில்லை. யாருடைய திருத்தம் கணக்கில் வரும் என்றும் சொல்லவில்லை. தாமதமான மூன்று வாரத்தில் ஒன்று போன வழி அதுதான்; பின்னால் பார்ப்போம்.

படப்பிடிப்பு: தாடைப் பட்டையும் இரண்டு கொக்கியும்

தளத்துக்குள் கேமராக் குழுவும் ஊழியர்தான். ஹெல்மெட், பாதுகாப்புக் காலணி, ஒளிரும் மேலாடை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. பெயர்ப் பட்டியலும் இடர் மதிப்பீடும் முன்கூட்டியே போக வேண்டும். விழுந்தால் 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடம் என்றால் வேலை அனுமதித் தாள் வேண்டும், அங்கே நிற்கும் கேமராமேனுக்கும் பெல்ட் வேண்டும். டிரைபாட், லென்ஸ், மானிட்டர் எதுவானாலும் கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். சின்ன லென்ஸ் மூடிகூட ஐந்தாவது மாடியிலிருந்து கீழே நிற்பவர் தலையில் விழலாம்.

நேரக்கணக்கில் இரண்டு உள்ளூர் விஷயங்களைச் சேர்க்க வேண்டும். மின்னல் அபாயம் அதிகம் என்பதைக் குறிக்கும் 'கேட் 1' எச்சரிக்கை வந்துவிட்டால் திறந்தவெளி வேலை அத்தனையும் நிற்கும். பிற்பகல் மழை வழக்கமான மாதங்களில், உயரக் காட்சிகளைக் காலை 8 முதல் 11.30க்குள் எடுத்துவிட்டு, பிற்பகலைக் கண்டெய்னருக்குள் எடுக்கும் பேட்டிக்கு ஒதுக்குவது பாதுகாப்பு. இரண்டாவது வெப்பம். வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் டபிள்யூ.பி.ஜி.டி. அளவீடு 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்பு செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு என்பது மனிதவள அமைச்சின் விதி. அதே காட்சியை எட்டுத் தடவை ஏறிக் காட்டச் சொன்னால் அந்த ஊழியர் கடும் வேலைதான் செய்கிறார். பாதுகாப்புக் காணொளி எடுக்கும் நேரத்தில் அவரை வெயிலில் நிறுத்திவைப்பது மன்னிக்க முடியாதது.

நடித்தவர்கள் தளத்து ஊழியர்களே. முகம் அடையாளம் தெரியும் ஒவ்வொருவரிடமும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏற்ப, அவரவர் மொழியில் ஒப்புதல் படிவம் வாங்கப்பட்டது. இதில் ஒரு நுணுக்கம் முக்கியம். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் யாரும் 'வேண்டாம்' சொல்ல மாட்டார்கள். அவரை விலகி நிற்கச் சொல்லிவிட்டுத் தமிழில் கேட்டபோது இருவர் மறுத்தார்கள். அவர்களுக்குப் பதில் வேறு இருவர் வந்தார்கள். ஐந்து நிமிட வேலைதான்.

சரி, பிழைக்கு வருவோம். சாரத்தில் நடந்து செல்பவர், செங்குத்தாக நிற்கும் ஒரு குழாயைத் தாண்டும் காட்சி. அவருடைய லேன்யார்டில், அதாவது பெல்ட்டோடு இணைந்த பாதுகாப்புக் கயிற்றில், இரண்டு கொக்கி. ஒன்று மாட்டியிருக்கும்போதே மற்றதைக் குழாயின் அந்தப் பக்கம் மாட்டி, 'கிளிக்' என்று பூட்டிய பிறகே முதலாவதைக் கழற்ற வேண்டும். எந்த நொடியிலும் ஏதாவது ஒன்று மாட்டியிருக்க வேண்டும் என்பதுதான் காணொளி முழுவதற்கும் உயிர்நாடி. எடுத்த மூன்று டேக்கிலும் அவர் பழக்க வேகத்தில் முதலாவதைக் கழற்றிவிட்டு இரண்டாவதை மாட்டினார். இடைவெளி அரை நொடிதான். அதோடு ஹெல்மெட்டின் தாடைப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஒளியும் ஃபோகஸும் அருமை; கேமராமேனுக்குத் திருப்தி. பாதுகாப்பு அதிகாரி அன்று அலுவலகத்தில் இருந்தார். தளத்தில் இருந்த மனிதவளப் பிரிவுக்காரருக்கு அந்த அரை நொடி கண்ணில் படவில்லை.

ரஃப் கட்டில், அதாவது காட்சிகளை முதல்முறை தோராயமாகக் கோத்த பதிப்பில், பாதுகாப்பு அதிகாரி முதல் பார்வையிலேயே அதைப் பிடித்துவிட்டார். அந்தக் காட்சியைப் பயன்படுத்தவே முடியாது. புதியவர் வாயால் கேட்டதை மறப்பார், கண்ணால் பார்த்ததையே செய்வார்.

மறுபடி எடுக்கப் போனால் சாரமே இல்லை. அந்த இடத்தில் கான்கிரீட் போட்டு முடித்துச் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். கட்டுமானத் தளம் எந்தப் படப்பிடிப்புக்காகவும் காத்திருக்காது. வேறொரு புளோக்கில் அதே உயரத்தில் இடம் தேடி, புதிய அனுமதித் தாள் வாங்கி, அரை நாள் எடுக்க ஒரு வாரம் ஆனது. பின்னணிச் சுவர் வேறு நிறமானதால், அகன்ற காட்சியைத் தவிர்த்து, கையையும் கொக்கியையும் மட்டும் நெருக்கத்தில் எடுத்து ஒட்டினார்கள். பயிற்சிக்கு அது முன்னதைவிடத் தெளிவாகவே வந்தது.

ஷூட்டிங்கின்போது மானிட்டர் முன் பாதுகாப்பு அதிகாரி உட்கார வேண்டும், 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் இந்த வாரம் மிஞ்சியிருக்கும். அவரால் வர முடியாவிட்டால் ஷூட்டிங்கைத் தள்ளிப்போடுவதே மலிவு.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக: பேட்டியைக் கண்டெய்னருக்குள் எடுக்கும்போது ஏர்கானையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டு, அறையின் வெற்று ஒலியை 30 நொடி தனியே பதிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் ட்யூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்காது.

நான்கு பேர், நான்கு திருத்தம்

ரஃப் கட் இணைப்பு போன மறுநாளிலிருந்து வாட்ஸ்அப்பில் கருத்துகள் வரத் தொடங்கின. பாதுகாப்பு அதிகாரி, மனிதவளம், விளம்பரப் பிரிவு, திட்ட மேலாளர் என நான்கு பேர். 'தொடக்கம் மெதுவாக இருக்கிறது' என்றார் ஒருவர். தொடக்கத்தில் முதலாளியின் 40 நொடி உரை வேண்டும் என்றார் இன்னொருவர். முதல் 20 நொடியிலேயே ஆபத்து தெரிய வேண்டும் என்றார் பாதுகாப்பு அதிகாரி. எடிட்டர் யாருக்குக் கட்டுப்படுவார்? மூன்று விதமாக வெட்டிப் பார்த்ததில் நாள்கள் கரைந்தன. முடிவு சொல்லக்கூடிய முதலாளி அந்த வாரம் வெளிநாட்டில். திரும்பி வந்து அவர் முதன்முதலாகப் பார்த்ததே மூன்றாவது பதிப்பு.

இதைத் தீர்த்த முறை எளிமையானது, எந்தப் பணிக்கும் பொருந்தும். வாடிக்கையாளர் தரப்பில் ஒரே ஒருவர் ஒப்புதல் தருபவர். அவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கும், அவர் இல்லாதபோது யார் என்பதும் இருக்கும். மற்ற எல்லோரும் தங்கள் கருத்தை அவரிடம் தருவார்கள். அவர் ஒரே தாளில் தொகுத்து, ஒவ்வொரு வரியிலும் நிமிடம், நொடி, என்ன மாற்றம், ஏன் என்று எழுதி அனுப்புவார். அந்தத் தாள் வந்தால்தான் ஒரு சுற்று தொடங்கும். 'ஏன்' என்ற கட்டத்தை விட்டுவிடக் கூடாது. 'மெதுவாக இருக்கிறது' என்பதற்கான காரணம் இசையா, காட்சியின் நீளமா, சொற்களா என்று அதில்தான் தெரியும்.

எந்தக் கட்டத்தில் எதை மாற்றலாம் என்பதையும் வாடிக்கையாளருக்கு முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஸ்கிரிப்ட் நிலையில் ஒரு வாக்கியத்தை நீக்க ஒரு நிமிடம். ரஃப் கட்டில் அரை மணி. பிக்சர் லாக் ஆன பிறகு, அதாவது காட்சிகளின் வரிசையும் நீளமும் இனி மாறாது என்று பூட்டிய பிறகு, நடுவில் 2 நொடி வெட்டினால், அதற்குப் பின்னால் வரும் குரல், சப்டைட்டில், இசை எல்லாம் நகரும். நான்கு மொழிக்கும் நகரும். ஒரு திருத்தம் நான்கு மடங்கு வேலையாகிறது. இதை அட்டவணையாக ஒரு பக்கத்தில் போட்டுக் காட்டினால் வாடிக்கையாளர்கள் புரிந்துகொள்கிறார்கள். கடைசி நேரத் திருத்தம் வெகுவாகக் குறைகிறது.

முதலாளியின் உரை 15 நொடியாகச் சுருங்கிக் கடைசிக்குப் போனது. அவரே ஒப்புக்கொண்டார், காரணத்தை எழுத்தில் பார்த்தபோது.

தமிழ் ஏன் கடைசியில் வரக்கூடாது

தாமதத்தின் மூன்றாவது வாரம் போனது இங்கே. திட்டப்படி ஆங்கிலப் பதிப்பைப் பூட்டிவிட்டு மற்ற மொழிக் குரலை அதன்மேல் ஏற்றுவதாக இருந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் இப்படித்தான் செய்கின்றன. ஆங்கிலக் குரல் மொத்தம் 270 நொடி. அதே உள்ளடக்கம் தமிழில், தளத்தில் உள்ளவர் நிதானமாகப் புரிந்துகொள்ளும் வேகத்தில் வாசித்தபோது 335 நொடி. கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். வங்காளமும் நீண்டது, தமிழ் அளவுக்கு இல்லை. சீனம் அடங்கிவிட்டது.

வாசிப்பு வேகத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். பரபரப்பான விளம்பரம் போல ஒலித்தது. வாக்கியத்தை வெட்டினால் பாதுகாப்பு அதிகாரி மறுபடி ஒப்புதல் தர வேண்டும். சரியான வழி படத்தை நீட்டுவதுதான். ஆனால் சில காட்சிகள் செயல் முடிந்த கணத்தில் கேமரா நின்றுவிட்டதால் நீட்ட இடமில்லை.

நீளத்தைவிடப் பெரிய சிக்கல் சொல் வரிசை. ஆங்கிலத்தில் கட்டளை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே செயல் வந்துவிடும். கொக்கி பூட்டும் படமும் அங்கேயே வரும். தமிழில் 'குழாயைத் தாண்டுவதற்கு முன்னால் இரண்டாவது கொக்கியை அந்தப் பக்கம் மாட்டுங்கள்' என்னும்போது 'மாட்டுங்கள்' கடைசியில்தான் காதில் விழுகிறது. படம் 2 நொடி முந்திக்கொள்கிறது. பார்ப்பவர் கண் ஒன்றைப் பார்க்க, காது இன்னொன்றைக் கேட்கிறது. செயல்முறை காட்டும் காட்சிகளைத் தமிழுக்கென்று தனியாக வெட்டிய பிறகுதான் சரியானது. தமிழ்ப் பதிப்பு 6 நிமிடம் 50 நொடியில் முடிந்தது.

ஊழியர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள் என்றால், ஸ்கிரிப்டை ஒரே நேரத்தில் தமிழிலும் எழுதி, தமிழ்க் குரலைத் தற்காலிகமாகப் பதிந்து, அதன்மேல் எடிட் செய்வதே முறை. நீளமான மொழிக்கு வெட்டினால் குட்டையான மொழி தானாக உட்கார்ந்துவிடும். படப்பிடிப்பில் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னும் பின்னும் 3 நொடி கூடுதலாக ஓடவிட வேண்டும். ஸ்கிரிப்ட்டின் தமிழும் தளத்துத் தமிழாக இருக்கட்டும்: பெல்ட், ஹுக், சாரம், பெர்மிட் என்று அவர்கள் பேசுவதையே எழுத வேண்டும்.

பூட்டுவதற்கு முன் இந்தப் பணியில் செய்த ஒரு சோதனை அருமையானது. ஆறு ஊழியர்களுக்குப் போட்டுக்காட்டி மூன்று கேள்வி கேட்டார்கள்: முதலில் எந்தக் கொக்கி? பெர்மிட் எங்கே பார்ப்பீர்கள்? காற்று பலமாக அடித்தால் யாரிடம் சொல்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு யாருமே சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தத் தகவல் குரலில் மட்டும் இருந்தது. சூப்பர்வைசரின் முகத்தையும் தொடர்பு எண்ணையும் திரையில் சேர்த்த பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

தமிழ் எழுத்தில் இன்னொரு தொல்லை உண்டு. எடிட்டிங் மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். 'கொக்கி' படிக்க முடியாத ஏதோவாகிவிடும். தமிழ் படிக்கத் தெரியாத எடிட்டருக்கு அது தெரியவே தெரியாது. சப்டைட்டில் கோப்பை, எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 வடிவில் சேமித்து, தமிழ் தெரிந்த ஒருவர் இறுதிக் கோப்பை, அதாவது வெளியே எடுத்த பின் உள்ள காணொளியை, முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும். ஒரு வரிக்கு நான்கைந்து சொல், திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

ஒப்படைப்பு

பழைய டிவிக்காக எச்.264, 1080பி, எம்பி4 வடிவம். புதிய எச்.265இல் கொடுத்தால் கோப்பு சிறிதாகும், ஆனால் பல பழைய டிவிகளில் ஓடாது. சப்டைட்டில் படத்திலேயே பதிக்கப்பட்டது. பென்டிரைவைக் கண்டெய்னருக்கே எடுத்துச் சென்று அந்த டிவியிலேயே போட்டுப் பார்த்த பிறகுதான் கடைசி 20 விழுக்காட்டுக்குப் பில் போனது.

எல்லாம் முடிந்த பிறகு விளம்பரப் பிரிவு இதை ஃபேஸ்புக்கில் போட விரும்பியது. இசையின் லைசன்ஸ் உள்ளகப் பயிற்சிக்கு மட்டும் வாங்கியது. ஊழியர்கள் கையெழுத்திட்ட படிவமும் பயிற்சிக்கு மட்டும். இசைக்குக் கூடுதல் கட்டணமும், படிவத்துக்கு ஒவ்வொருவரிடமும் புதிய ஒப்புதலும் தேவை என்று சொன்னபோது, முகம் தெரியாத காட்சிகளை மட்டும் எடுத்து 30 நொடித் துணுக்காக்கினார்கள்.

தயாரிப்பாளரிடம் இருக்கும் எடிட்டிங் புராஜெக்டில் குரல், இசை, சுற்றொலி மூன்றும் தனித்தனிக் கோப்பு. திரையில் வரும் எழுத்துகளும் அங்கே படத்தோடு ஒட்டாத தனி அடுக்கு. நாளை பெர்மிட் ஒட்டும் இடமோ சூப்பர்வைசரோ மாறினால் அந்த ஒரு காட்சியை மட்டும் மாற்றி நான்கு மொழியிலும் வெளியே எடுக்கலாம். மூலக் காட்சிகளைத் தயாரிப்பு நிறுவனம் இரண்டு ஆண்டு வைத்திருக்கும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்த 4கே காட்சி மணிக்கு 45 ஜிபி, இரண்டு நகல் என்றால் 90. அதற்குப் பிறகு வைத்திருக்கும் பொறுப்பு வாடிக்கையாளருடையது.